நந்தசிறி கழற்றிப் போட்ட நீலச் சட்டை

நாரம்மல பஸ் நிலையத்து டைம்கீப்பர் பியதிலகவைத் தெரியாதவர் அந்தப் பக்கத்தில் யாருமில்லை. அரை நிமிடம் முந்திக் கிளம்புகிற பஸ்ஸைக்கூட விசிலடித்து நிறுத்திவிடுகிற மனுசன். முப்பது வருடமாக அதே கூண்டு, அதே விசில், அதே வெள்ளை அரைக்கைச் சட்டை. சட்டை கிழிந்தால் விக்டர் முதலாளியின் உடுப்புக் கடை வாசலில் நின்றுகொண்டு, "போன தடவை தந்ததுல ஒண்ணு" என்பார். முதலாளியும் காகிதத்தில் சுற்றிக் கொடுத்துவிடுவார். பியதிலக அந்தப் படியைத் தாண்டி உள்ளே போனதும் இல்லை, ஒரு சட்டையைப் போட்டுப் பார்த்து வாங்கியதும் இல்லை.

இப்பேர்ப்பட்டவர் வயிற்றில் நெருப்பைப் போட்டவள் அவர் மனைவி குசுமா. சித்திரைப் புத்தாண்டுக்கு இரண்டு கிழமை இருந்தது. அவர் முற்றத்தில் உட்கார்ந்து, கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் நந்தசிறி போனான். இரண்டு வீடு தள்ளி இருக்கிறவன், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன், பியதிலகவோடு ஒரே வகுப்பில் குப்பை கொட்டியவன். கிளிப்பச்சையில், காலர் இல்லாத, முழங்கால் வரை தொங்குகிற ஒரு சட்டை போட்டிருந்தான்.

முற்றம் கூட்டிக்கொண்டிருந்த குசுமா விளக்குமாற்றை ஊன்றி நிமிர்ந்தாள்.

"அடேயப்பா! நந்தசிறி அண்ணன் கல்யாண மாப்பிள்ளை மாதிரியில்ல போறாரு!"

பியதிலகவுக்குக் கருப்பட்டி கசந்தது. "மாப்பிள்ளையா? வெயிலுக்கு விரிச்ச குடை மாதிரி இருக்கான்."

"குடையாவது விரியுது. சில குடை முப்பது வருசமா மடிச்சே கிடக்குது" என்றாள் அவள், கூட்டுவதை நிறுத்தாமல்.

கல்யாணத்தன்று அவர் மாப்பிள்ளையாகவே நின்றபோதுகூட அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. அன்றிலிருந்து மனுசனுக்குச் சோறு இறங்கவில்லை. அவள் வாயால் அந்த ஒரு வார்த்தை தனக்கும் வரவேண்டும், அவ்வளவுதான். வேறு எதுவும் வேண்டாம்.

நந்தசிறியைப் பற்றியும் சொல்ல வேண்டும். புதுசாக எது வந்தாலும் முதலில் அவன் உடம்பில்தான் ஏறும். ஒரு தடவை போயா என்கிற பௌர்ணமி நாளில், ஆறு பை வைத்த கலிசானை மாட்டிக்கொண்டு விகாரைக்கே போனான். ஊரே சிரித்தது. அவனும் சேர்ந்து சிரித்துவிட்டு, அடுத்த போயாவுக்கும் அதையே போட்டுக்கொண்டு வந்தான். மூன்றாவது போயாவுக்கு ஊர்ப் பையன்கள் நாலு பேர் ஆறு பையோடு வந்தார்கள். சிரித்தவர்களில் பியதிலகவின் குரல்தான் உரக்கக் கேட்டதென்று இன்றைக்கும் சொல்கிறார்கள்.

புத்தாண்டில் அடுப்பு மூட்ட நல்ல நேரம் உண்டு. அந்த நேரத்தில் எந்த நிறம் உடுக்க வேண்டும் என்பதும் சுபநேரத் தாளில் அச்சாகி வரும். தன் கூண்டில் ஆணியில் தொங்கிய தாளைப் பியதிலக எட்டிப் பார்த்தார். நீலம். சரி, ஒரு நீலச் சட்டை. அதுவும் நந்தசிறி போடுகிற தினுசில். குசுமாவிடம் மூச்சுவிடக் கூடாது.

மறுநாள் கடைக்குப் போனவர் முதல் தடவையாகப் படி தாண்டினார். தாண்டியதுதான் தாமதம், கண்ணாடி முன்னால் நந்தசிறி! பியதிலக சட்டென்று தொங்கவிட்டிருந்த சாரத் துணிகளுக்குப் பின்னால் ஒதுங்கினார்.

நந்தசிறி மயில் நீலத்தில் ஒரு சட்டையை மாட்டி இப்படியும் அப்படியும் திரும்பிக்கொண்டிருந்தான். நெஞ்சில் ஒரு பக்கமாக இறகு படம் வேறு.

"அக்கே, சொல்லுங்க, இது எப்பிடி?" என்று துணி மடிக்கிறவளைக் கேட்டான்.

"போங்கண்ணே, எட்டுச் சட்டை மாத்திட்டீங்க. கழட்டிக் கழட்டி உங்க தோலும் வந்துடப் போகுது."

"போட்டுப் பாக்கிறதுக்கு யாரும் வரி கேக்கலையே!"

சாரங்களுக்குப் பின்னால் நின்றவருக்குக் காது சுட்டது. இவனும் தாளைப் பார்த்துவிட்டுத்தான் நீலம் எடுக்கிறான். இதைப் போட்டுக்கொண்டு புத்தாண்டு அன்றைக்கு வேலியோரம் வந்து நிற்பான். குசுமா மறுபடியும் விளக்குமாற்றை ஊன்றுவாள். விடலாமா?

நந்தசிறி சட்டையைக் கழற்றிக் குவியலில் போட்டான். "அப்புறமா வர்றேன் முதலாளி" என்று வெளியே போனான். அவன் செருப்புச் சத்தம் ஓய்வதற்குள் பியதிலக குவியலில் கை வைத்துவிட்டார்.

"இதைச் சுத்துங்க."

விக்டர் முதலாளி கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பார்த்தார். "நீலமா? நல்லா யோசிச்சீங்களா?"

"யோசிக்க என்ன இருக்கு?"

"போட்டாவது பாருங்களேன்."

"நான் என்ன கூத்தாடியா? சுத்துங்கன்னா சுத்துங்க."

முதலாளி இருமுகிற மாதிரி வாயைப் பொத்திக்கொண்டு சுற்றிக் கொடுத்தார்.

புத்தாண்டுக் காலை ஒன்பது மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு அடுப்பு மூட்ட வேண்டும். குசுமா பானையில் பாலை ஊற்றி வைத்துவிட்டு, "எங்க இருக்கீங்க? நேரத்துக்குப் பொறந்த மனுசன் இன்னிக்குப் பார்த்துப் பிந்துறாரே!" என்று கத்தினாள். உள்ளே அவர் சட்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அக்குள் பிடித்தது. வயிற்றுக்கு மேலே இரண்டு பொத்தான் பூட்ட மாட்டேன் என்றது. ஊரில் பட்டாசு வெடிக்க ஆரம்பிக்கவே மூச்சைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

குசுமா பச்சைச் சேலையில் நின்றாள். வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டிலும் எல்லாரும் பச்சை உடுத்தியிருந்தார்கள்.

"என்ன இது?"

"நீலம்தானே? தாள்ல போட்டிருக்கே!"

"எந்தத் தாள்ல?"

"கூண்டுல தொங்குதே."

"அது போன வருசத்துத் தாள்! இந்த வருசம் பச்சை!"

ஊருக்கெல்லாம் நேரம் பார்க்கிறவர் ஒரு வருடம் பிந்தியிருந்தார். குசுமாவுக்கு நெருப்புக் குச்சியைப் பிடிக்க முடியாத அளவுக்குச் சிரிப்பு. எப்படியோ மூட்டினாள். பால் பொங்கி வழிந்தபோதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் அச்சு முறுக்கு மாதிரி கொக்கிஸும் பணியாரமும் அடுக்கிய தட்டோடு நந்தசிறி வந்தான். உடம்பில் அதே பழைய கிளிப்பச்சை.

"அட பியே, அதை நீயா வாங்கினே? எனக்கு அக்குள் பிடிச்சுது, கழட்டிப் போட்டுட்டேன். போன வருசத்து மிச்சமாச்சே! தள்ளிவிட ஆள் தேடிக்கிட்டிருந்தாரு முதலாளி."

அவன் போனபிறகு குசுமா கிட்டே வந்து, பூட்டாத பொத்தானை இழுத்துப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள். "அளவுதான் தப்பு. ஆனா நீலம் உங்களுக்கு எடுப்பாத்தான் இருக்குது."

பியதிலகவுக்கு விசில் அடிக்க வேண்டும் போல இருந்தது.

"நந்தசிறி அண்ணன்கூட எப்பவோ சொன்னாரு, பியேவுக்கு நீலம் எடுக்கும்னு."

பியதிலக தட்டிலிருந்து ஒரு பணியாரத்தை எடுத்து, நந்தசிறியின் காதைக் கடிக்கிற மாதிரி கடித்தார்.

விடுமுறை முடிந்து கடை திறந்த அன்றே குசுமாவைக் கூட்டிக்கொண்டு போனார். நேராகக் கண்ணாடி முன்னால் நின்று சட்டையைக் கழற்றினார். ஒவ்வொன்றாக மாட்டினார். நாலாவதில், கத்தரிப்பூ நிறத்தில் பட்டைக் காலர் வைத்த ஒன்றில், குசுமா எழுந்துவிட்டாள்.

"இருங்க, கழட்டாதீங்க. அப்பிடியே மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்க."

"சரி, அதை எடுத்து வை" என்று சொல்லிவிட்டு அவர் ஐந்தாவதை மாட்டினார்.

"அதான் அமைஞ்சுட்டுதே! இன்னும் எதுக்கு?"

பியதிலக ஆறாவதை எடுத்தார். ஒன்பதாவதையும் போட்டுக் கழற்றிவிட்டுத்தான் நிறுத்தினார். நந்தசிறி எட்டோடு நிறுத்தியிருந்தான்.