காருதான் பின்னால வந்துச்சு

எனக்கு கியர் வண்டி ஓட்டத் தெரியாது என்பது நாற்பத்து மூன்று வயது வரை என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. எங்கள் பக்கத்தில், உத்தமபாளையத்தைச் சுற்றியுள்ள ஊர்களில், மீசை முளைக்கும் முன்பே டிராக்டரை எடுத்துத் திராட்சைத் தோட்டத்துக்குள் திருப்பி நிறுத்தியவர்கள்தான் எல்லாரும். நான் படிக்கிற பிள்ளை என்று பெயரெடுத்து, அந்தச் சலுகையில் ஸ்டியரிங்கைத் தொடாமலே வளர்ந்துவிட்டேன்.

லைசென்ஸ் இருக்கிறது. டிரைவிங் ஸ்கூல் காரில் வாத்தியார் பக்கமும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. நான் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பேன், கிளட்சை அவர் மிதிப்பார். வண்டி நன்றாகப் போகும். நன்றாக ஓட்டுகிறேன் என்று நானும் நம்பினேன். அப்புறம் பெங்களூரில் பதிமூன்று வருடம் ஆட்டோமேட்டிக் கார்தான். இடது காலுக்கு வேலையே இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று ஆனதும் ஊருக்குத் திரும்பினோம்.

திரும்பியவன் சும்மா இருந்திருக்கலாம். ஸ்போர்ட்ஸ் கார் வாங்க வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே ஓர் ஆசை. மதுரை ஷோரூமுக்கு மச்சினனும் கூட வந்தான். என் மனைவியின் தம்பி. கம்பத்தில் உரக்கடை வைத்திருக்கிறான். ஊரில் அவனுக்குத் தெரியாத ஆள் கிடையாது. விற்பனைப் பையன், "மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா சார்?" என்று கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் மச்சினன் சிரித்தான்.

"இந்த வண்டிய எவனாவது ஆட்டோமேட்டிக்ல வாங்குவானா? என்ன மச்சான்?"

"மேனுவல்தான்" என்றேன். எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். இவ்வளவு சின்னதாக ஆரம்பித்து இவ்வளவு தூரம் போன பொய் வேறு எதுவும் இல்லை.

வண்டி வந்த அன்று கோயில் வாசலில் பூசை. நான்கு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, பூசாரி கற்பூரம் காட்டிவிட்டு, "எடுங்கய்யா" என்றார். பாதி ஊர் அங்கேதான் நின்றது. சாவியை மச்சினன் கையில் கொடுத்து, "மாப்ள, நீ எடுத்தாத்தான் ராசி" என்றேன். அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. பழங்கள் நசுங்கின. எல்லாரும் என் பெருந்தன்மையைப் பாராட்டினார்கள். என் மனைவி மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன். விடிந்ததும் பண்ணைப்புரம் போகும் சாலையில் ஆள் நடமாட்டம் குறைவான இடமாகப் பார்த்து ஓட்டுவேன். சமதரையில் நாலு குலுக்கல் குலுக்கி எப்படியோ கிளம்பிவிடும். கிளம்பிவிட்டால் அப்புறம் நான் ராஜாதான். ஒரே வாரத்தில் எனக்குத் தலைக்கனம் வந்துவிட்டது. பத்தாம் நாள், மலைமேல் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் மனைவியின் தங்கை வீட்டில் காதுகுத்து. பஸ்ஸில் போகலாம் என்றாள் மனைவி. வாசலில் இந்தக் காரை வைத்துக்கொண்டு பஸ்ஸில் போவதாவது என்று அவளை ஏற்றிக்கொண்டு கம்பம் மெட்டு மலைச்சாலையில் கிளம்பினேன்.

காலை ஏழு மணிக்கு அந்தச் சாலை ஜீப்புகளுக்குச் சொந்தம். கீழே ஊர்களிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகும் ஜீப்புகள். பின்னால் பலகையில் நெருக்கி உட்கார்ந்து, மடியில் தூக்குவாளியோடு போவார்கள். எட்டு மணிக்குள் போய்ச் சேராவிட்டால் கங்காணி திருப்பி அனுப்பிவிடுவார். அவர்களுக்கு அன்றைய பாடு போச்சு. இதெல்லாம் எனக்குத் தெரியாதது இல்லை.

ஒரு கொண்டை ஊசி வளைவில் மேலிருந்து பஸ் இறங்கியது. அதற்கு வழிவிட்டு நடு மேட்டில் நின்றேன். பஸ் என்னைத் தாண்டியதும் டிரைவர் ஓரங்கட்டி, என் பின்னால் நின்ற வண்டிகள் மேலேறக் காத்திருந்தார். நான் எடுத்தேன். அணைந்தது. மறுபடி எடுத்தேன். உறுமிவிட்டு அணைந்தது. பின்னால் ஒரு ஜீப் நல்ல இடைவெளி விட்டுத்தான் நின்றிருந்தது, கண்ணாடியில் பார்த்தேன். அதற்கும் பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள். மேட்டில் பிரேக்கை விட்டாலும் இரண்டு நொடி பிடித்து வைத்துக்கொள்ளும் வசதி அந்தக் காரில் இருக்கிறது. இரண்டு நொடி எனக்குப் போதவில்லை. மூன்றாம் முறை கிளட்சும் பிடிக்காமல், பிரேக்கையும் தேடிப் பிடிப்பதற்குள் வண்டி பின்னால் உருண்டு, ஜீப்பின் இரும்புக் கம்பியில் போய் இடித்து நின்றது.

இறங்கிப் பார்த்தேன். ஜீப்புக்குக் கீறல்கூட இல்லை. என் காரின் பின்பக்க பம்பர் விரிந்து, ஒரு விளக்கு நொறுங்கியிருந்தது. ஜீப் டிரைவர் இறங்கி வந்தார். இருபத்தைந்து, முப்பது வயதிருக்கும். பஸ்ஸிலிருந்து ஏழெட்டுப் பேர் இறங்கிவிட்டார்கள். அதில் ஒருவர், யாரென்றே தெரியாது, காரைப் பார்த்தார், ஜீப்பைப் பார்த்தார்.

"பின்னால வர்றவன்தானப்பா பார்த்து வரணும்? புது வண்டிய இப்படிப் பண்ணிட்டானே" என்றார்.

நான் அந்தப் பொய்யைச் சொல்லவில்லை. இன்னொருவர் கையில் வைத்து நீட்டினார், வாங்கிக்கொண்டேன். "ஒட்டிக்கிட்டே வந்தா இப்படித்தான்" என்றேன். என் குரல் அவ்வளவு திடமாக வந்தது எனக்கே ஆச்சரியம்.

ஜீப்பின் முன்சீட்டில் உட்கார்ந்திருந்த அம்மா, ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், தலையில் துண்டு கட்டியிருந்தார், எட்டிப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, காருதான் பின்னால வந்துச்சு. நாங்க நின்னுக்கிட்டுத்தான இருந்தோம்."

அவரைத் திரும்பிப் பார்த்து நான் கேட்டேன்: "ஏம்மா, ஒனக்கு வண்டி ஓட்டத் தெரியுமா?"

கூட்டத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். அந்த அம்மா வாயை மூடிக்கொண்டார். என்னைவிட மூத்தவரை 'ஒனக்கு' என்று சொன்னேன். ஓட்டத் தெரியாத நான், ஓட்டத் தெரியுமா என்று கேட்டேன். இதை நினைக்கும்போதெல்லாம் இப்போதும் எங்காவது போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

டிரைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "விடுங்கத்தே" என்று அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "தப்புத்தாண்ணே, மன்னிச்சுக்கங்க. இவுகளுக்கு நேரமாகுது." அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்கு அப்போதே புரிந்தது. ஜீப்பில் பதினைந்து பெண்கள் இருந்தார்கள்.

கூட்டம் கலைந்தது. ஆனால் காரை நான் மறுபடி எடுத்தாக வேண்டுமே. நான் கதவருகே நிற்பதைப் பார்த்து அவர் கிட்டே வந்து, யாருக்கும் கேட்காமல், "நான் வேணா ஏத்தி விடட்டுமாண்ணே?" என்றார். சாவியைக் கொடுத்தேன். உட்கார்ந்து, காலைச் சரிசெய்துகொண்டு, எடுத்தார். கார் ஒரு அங்குலம்கூடப் பின்னால் வரவில்லை. வளைவைத் தாண்டி அகலமான இடத்தில் நிறுத்திவிட்டு, நான் நடந்து வரும்வரை நின்றார். "ஹேண்ட் பிரேக்கப் போட்டுக்கிட்டு எடுங்கண்ணே. கிளட்ச் பிடிக்கையில வண்டி லேசா முன்னால அமுங்கும். அதுக்கப்புறம் பிரேக்க விடுங்க" என்று சொல்லிவிட்டு ஜீப்புக்கு ஓடினார். ஒரு குத்தல் பேச்சு பேசியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மிச்ச வளைவுகளை அவர் சொன்னபடியே ஏறினேன். கடைசி வளைவு தாண்டியதும் மனைவி சொன்னாள்: "அந்தத் தம்பி ஒரு தடவகூட உறும விடல." காதுகுத்து வீட்டில் என்னோடு பேசவில்லை.

சாயங்காலம் மச்சினன் காரைப் பார்த்துப் பதறிப்போனான். என்ன நடந்தது என்று கேட்டான். ஜீப்புக்காரன் இடித்துவிட்டான் என்று சொன்னேன். உண்மையைச் சொல்ல அதுதான் நல்ல நேரம், தடுக்கக் கூட்டமும் இல்லை. சொல்லவில்லை. எந்த ஜீப் என்று கேட்டான், அடையாளம் சொன்னேன். அவன் என் முன்னாலேயே ஜீப் முதலாளிக்குப் போன் போட்டான். நான் சோபாவில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

"சொல்லிட்டேன் மச்சான். நாளையிலிருந்து அவன் அந்த வண்டில ஏறமாட்டான்."

டீயைக் குடித்து முடித்தேன். இதையும் எழுதத்தான் வேண்டும்.

உள்ளேயிருந்து மனைவி வந்தாள். தம்பி போகும்வரை காத்திருந்து, "ஒங்க காலுக்குத் தெரியாததுக்கு அவரு சோத்துல மண்ணப் போட்டுட்டீக" என்றாள். நாளைக்குச் சொல்லிவிடுகிறேன் என்றேன். மறுநாள் சொல்லவில்லை. அதற்கு மறுநாளும் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக வெறிபிடித்தவன் போல ஓட்டிப் பழகினேன். கால்வாய்க் கரைக்கு ஏறும் ஒரு மேடு இருக்கிறது. தினமும் காலையில் அங்கே போய் நிறுத்தி எடுப்பேன், நிறுத்தி எடுப்பேன். முதலில் நன்றாக ஓட்டக் கற்றுக்கொள்வோம், அப்புறம் போய்ச் சொன்னால் கொஞ்சம் கௌரவமாக இருக்கும் என்று ஒரு கணக்கு. என் கௌரவத்துக்காக அவர் வேலையில்லாமல் காத்திருக்க வேண்டும் என்பதுதான் அதற்கு அர்த்தம். அது அப்போது உறைக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் அவர் சொன்னது காலில் பட்டது. கிளட்ச் பிடிக்கும் இடத்தில் காரின் மூக்கு லேசாக அமுங்கியது. பிரேக்கை விட்டேன். பின்னால் வராமல், உறுமாமல், மேட்டில் ஏறியது. சந்தோஷம் வந்தது, பொய் சொல்லவில்லை. கரைமேல் ஏறி நிறுத்தியதும் அந்த அம்மா வாயை மூடிக்கொண்ட முகம் ஞாபகம் வந்தது. சந்தோஷம் இருந்த இடம் தெரியவில்லை.

அன்றைக்கே மச்சினனிடம் உண்மையைச் சொன்னேன். அவன் சங்கடப்பட்டான். முதலாளிக்குப் போன் போட்டுக் கேட்டான். புது டிரைவர் போட்டாயிற்று, அவனை என்ன காரணம் சொல்லி இறக்குவது என்றாராம். "விடுங்க மச்சான். தொழில் தெரிஞ்சவன். வேற வண்டி பிடிச்சிருப்பான்" என்றான் மச்சினன். அப்படித்தான் இருக்கும் என்று எனக்கும் நம்பத் தோன்றியது. அப்படி இருந்தால் எனக்கு வசதி.

மறுநாள் காலை ஆறு மணிக்கெல்லாம் கம்பத்தில் ஜீப்புகள் கிளம்பும் இடத்துக்குப் போனேன். அந்த ஜீப் கிளம்பத் தயாராக நின்றது. போய்விடப் போகிறதே என்று அவசரத்தில் காரை அதற்கு முன்னால் நிறுத்திவிட்டு இறங்கினேன். டிரைவர் சீட்டில் புது ஆள். முன்சீட்டில் அதே அம்மா.

பக்கத்தில் போய், மெதுவாக, "அம்மா, அன்னைக்குக் காருதான் பின்னால வந்துச்சு" என்றேன்.

"அதத்தான நாங்க அன்னைக்கே சொன்னோம்" என்றார். கோபமே இல்லை. "இதப் போயி காதுக்குள்ள சொல்றீக?"

"அந்த டிரைவர் தம்பி இப்ப எங்கன இருக்காரும்மா?"

அவர் தலையைத் திருப்பாமல் கட்டைவிரலால் பின்னால் காட்டினார். பின்பலகையின் ஓரத்தில், பெண்களோடு பெண்களாக, தோளில் பழைய சட்டையும் கையில் தூக்குவாளியுமாக அவர் உட்கார்ந்திருந்தார். தோட்டத்துக்கு மருந்தடிக்கப் போகிறார். தான் ஓட்டிய அதே ஜீப்பில். என்னைப் பார்த்ததும், "வாங்கண்ணே" என்றார்.

அந்த அம்மா கேட்டார்: "இப்ப ஒங்களுக்கு வண்டி ஓட்டத் தெரியுமா தம்பி?"

"தெரியும்மா."

"அப்ப எடுங்க. வழிய மறிச்சுல்ல நிக்கிது."

ஓடிப்போய் உட்கார்ந்தேன். ஜீப் மொத்தமும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. சாவியைத் திருகி, கிளட்சை விட்டேன். ஒரு குலுக்கல், அணைந்தது. சமதரை. மறுபடி திருகினேன். மறுபடி அணைந்தது. யாரும் ஹாரன் அடிக்கவில்லை, சிரிக்கவுமில்லை. பலகையிலிருந்து அவர் இறங்கி வருவதைக் கண்ணாடியில் பார்த்தேன்.

கதவைத் திறந்து இறங்கினேன். "அன்னைக்கு நான்தான் பின்னால விட்டேன். எனக்கு மேட்டுல எடுக்கத் தெரியல. இவரு மேல ஒரு தப்பும் இல்ல. பொய் சொல்லி இவரு வேலையக் கெடுத்துட்டேன்" என்றேன். இந்த முறை எல்லாருக்கும் கேட்கும்படி.

அவர் தரையைப் பார்த்தார். "சரிண்ணே. நேரமாச்சு, கொஞ்சம் தள்ளிக்கங்க" என்று சொல்லிவிட்டுக் காருக்குள் உட்கார்ந்தார். "மூணாவது கியர்ல கெடக்குண்ணே." ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்தி, சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, ஓடிப்போய்ப் பின்பலகையில் ஏறிக்கொண்டார்.

ஜீப் கிளம்பியது. பின்பலகையின் ஓரத்தில் உட்கார்ந்தால் முகம் பின்னால்தான் இருக்கும். சாலை திரும்பும்வரை அவர் என் பக்கமே பார்த்தபடி போயிருப்பார். நான்தான் தலையைத் தூக்கவில்லை.