உளுந்துக் கொடியும் புதுக் காரும்

அறுபதுகளில் ஒரு பங்குனி வெயிலில், கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் புதுக் காரில் போனோம். பின்சீட்டில் மனைவி, மடியில் எங்கள் கைக்குழந்தை. "பழைய வண்டி மாட்டு வண்டியாட்டம் ஒசரம். இது தரையோட பறக்குது, மாமா!" என்றான், முன்சீட்டில் என் பக்கத்திலிருந்த மச்சான், மனைவியின் தம்பி. எனக்கும் பெருமைதான்.

ஆலப்பாக்கம் தாண்டியதும் சாலை முழுக்கக் காய்ந்த உளுந்துச் செடி. வண்டி ஏறினால் மணி உதிருமென்று பரப்பியிருந்தார்கள். ஏற்றினேன். காருக்கு அடியில் மழை பெய்வதுபோல் சரசரத்தது. கொஞ்ச தூரத்தில் கருகல் வாசனை. களத்திலிருந்து ஒரு பெண் கத்தினாள்: "யோவ், அடியில எரியுது! புள்ளைய எறக்குய்யா!"

வண்டியை நிறுத்திப் பின்கதவைத் திறந்துவிட்டேன். மனைவி குழந்தையோடு வயலுக்குள் ஓடினாள். சைலன்சரில் சுற்றிய கொடி, பெட்ரோல் டேங்கை நோக்கி எரிந்துகொண்டிருந்தது. மச்சான் மண்ணை வாரி வாரி இறைத்தான். அந்தப் பெண் தன் கஞ்சிப் பானையையே கவிழ்த்தாள். தீ அணைந்தது.

"வண்டி பொழச்சிது. என் சோறு போச்சு," என்றாள்.

பிறகு எத்தனையோ கார்கள் ஓட்டிவிட்டேன். வேகமும் பளபளப்பும் என்னை மயக்குவதில்லை. வாங்குமுன் வேட்டியை மடித்துக் கட்டித் தரையில் படுத்து, காரின் அடிவயிறு எவ்வளவு உயரமென்று பார்க்கிறேன். விற்பவர் சிரிக்கட்டும். சாலையில் பயிர் கிடந்தால், தாண்டியதும் எல்லாரையும் இறக்கிவிட்டு, அடியில் சிக்கியதை உருவிப் போட்ட பிறகுதான் கிளம்புகிறேன்.