உப்பிய ஆல்பம்

விடுதி அறையில் இன்று புது ஆல்பத்துக்கு மைதாப் பசை கிண்டும்போது, அதே வாசனையில் சித்தூர் வீடும் பழைய எரிச்சலும் வந்துவிட்டன. அப்போது சிறுமி நான். மிஷன் துரைசானியம்மா கொடுத்த கிறிஸ்துமஸ் அட்டையிலிருந்து நான் வெட்டி ஒட்டிய ஆட்டின் காது, ஆல்பத்தில் தூக்கிக்கொண்டு நின்றது; பக்கத்தின்மேல் அதன் நிழல் விழுந்தது. அட, மந்தை முழுதும் இப்படி எழுந்து நின்றால்! ஆடுகளின் அடியில் அட்டைத் துண்டுகளை அடுக்கி ஒட்டினேன். மறுநாள் ஞாயிறு பள்ளியில் துரைசானியம்மாவிடம் காட்ட வேண்டும். என் அப்பா, நைனாவோ, கசங்கியது, உப்பியது எதைக் கண்டாலும் டிரங்குப் பெட்டிக்கு அடியில் வைத்து அழுத்துகிறவர். காலையில் என் மந்தை நசுங்கிக் கிடந்தது.

"இன்னா நைனா, இப்பிடிப் பண்ணிட்ட!"

"புக்குன்னா மூடணும்மா. இது சுட்ட பூரி மாதிரி உப்பிக்கினு கீது!"

இப்போது நினைத்தாலும் பல்லைக் கடிக்கிறேன். ஆனால் ஆல்பம் மூடத்தானே வேண்டும்? இந்த முறை அட்டையை அடுக்கப்போவதில்லை. ஆட்டுப் படத்தையே நடுவில் மடித்து, எதிரெதிர்ப் பக்கங்களில் பக்கத்துக்கு ஒரு முனையாக ஒட்டப்போகிறேன். மூடினால் படுக்கட்டும், திறந்தால் ஆடு எழுந்து நிற்கிறதா, பார்த்துவிடுகிறேன்.