முத்தத்துக்கு மட்டும் அட்டை

தயவுசெய்து இதை யாருக்கும் காட்டாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுக்க வேண்டாம். அப்பாவை நான் ஊர் முன்னால் எதிர்த்துப் பேசிய கதை இது. எழுதியது தெரிந்தால் என் போன் போய்விடும்.

சூடான புரொஜெக்டரின் தூசி வாசனை... அதோடு கறிபாப் பலகார வாசனை.

பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் எங்கள் தேவாலய மண்டபத்தில் மாதம் ஒரு படம் போடுவார்கள். தேர்ந்தெடுப்பவர் அப்பா. அப்போது நான் படிவம் ஒன்றில் படித்தேன், பதின்மூன்று வயது. மணிலா அட்டையோடு புரொஜெக்டர் பக்கத்தில் நிற்பது என் வேலை. முத்தக் காட்சி வந்தால் அப்பா தொண்டையைக் கனைப்பார். நான் லென்ஸை மறைக்க வேண்டும்.

ஒருநாள் போட்ட படம் பதின்மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. ஆனால் முன்வரிசை முழுக்கச் சின்னப் பிள்ளைகள். என் தங்கை ஜெனிக்கு ஆறு வயது.

படத்தில், மருத்துவமனையிலிருந்து திரும்பிய மனைவியின் நெற்றியில் கணவன் முத்தமிட்டான். கனைப்பு. அட்டை.

"ஓய், கல்யாணம் ஆனவங்கதானே லா!" என்று யாரோ கத்த, மண்டபமே சிரித்தது.

கொஞ்ச நேரத்தில் வில்லன் அந்தக் கணவனைக் கத்தியால் குத்தினான். மறுபடி மறுபடி... திரை முழுக்க இரத்தம். அப்பா கனைக்கவில்லை. கறிபாப் தின்றுகொண்டிருந்தார். ஜெனி காதைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

கனைப்பு இல்லாமலே அட்டையைத் தூக்கினேன்.

ஒரே விசில், கூச்சல்.

"ஏய், என்ன பண்றே? அட்டையை எடு!" என்றார் அப்பா.

"பிள்ளைங்க அழுவுதுங்கப்பா."

"சும்மா சண்டைம்மா. நிஜமில்ல."

"அப்ப முத்தம் மட்டும் நிஜமாப்பா?"

"பொண்ணு சரியாத்தான் கேக்குது" என்றார் ஓர் ஆன்டி. அப்பா முகம் சிவந்தது. அடி விழும் என்றே நினைத்தேன். அவர் எழுந்து போய் ஜெனியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். சண்டை முடியும்வரை நான் அட்டையை இறக்கவில்லை.

ஒரு வாரம் என்னைப் பார்த்தாலே அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இப்போது படிவம் ஐந்து. மண்டபத்தில் புது புரொஜெக்டர், ஏர்கோன் குளிர். அட்டை இல்லை, விசிலும் இல்லை. கொஞ்சம் வெறிச்சென்றுதான் இருக்கிறது.

போஸ்டரில் எந்த வயது போட்டிருந்தாலும் அப்பா முதலில் வீட்டில் பார்த்துவிடுகிறார். நேற்று பாதியில் நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"முத்தம் இருக்கு, பரவால்ல. இந்த வெட்டுக்குத்தைப் பாரும்மா. சின்னதுங்க தாங்குமா? நீ சொன்னாத்தான் போடுவேன்."

என்னிடம் கேட்டார். என் அப்பா! இதை யாரிடமும் சொல்லாமல் எப்படித்

அப்பா கதவைத் தட்டுகி