இரண்டாம் தரம் கேட்காத பாஞ்சோ வட்டம்

சங்கீதத்தைப் பற்றி எழுத எனக்கு அருகதை கிடையாது. பத்தாம் வகுப்பு ஓ.எல். பரீட்சை வரை படித்தவன், அதிலும் சங்கீதத்தை விட்டுச் சித்திரம் எடுத்தவன். பிள்ளைகளின் அரங்கேற்றம் கண்ட பெற்றோர் சுவிசில் வீட்டுக்கு வீடு இருக்க, நான் பேனா எடுப்பது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பழகுவது பாஞ்சோ. மேளம் போலத் தோல் இழுத்த ஒரு வட்டம், நீளக் கழுத்து, ஐந்து கம்பிகள். அமெரிக்க மலைக்கிராமங்களில் சனம் ஆடுவதற்காக வயலினில் வாசித்த பழைய மெட்டுகளை அதில் வாசிக்கப் பார்க்கிறேன். எங்கள் ஆட்களுக்கு இதை விளங்கப்படுத்துவது கடினம்.

"வீணை எண்டாலும் கோயில்ல ஒரு மூலையில இருத்தலாம். இந்தத் தாச்சிச் சட்டியை வைச்சு என்ன செய்யிறது?" என்று மனைவி கேட்டாள்.

அயலவருக்குச் சத்தம் கேட்கக்கூடாது என்று தோலுக்குப் பின்னால் ஒரு காலுறையைத் திணித்து வாசித்தேன்.

"இப்ப நல்லாயிருக்கு. மற்றக் காலுறையையும் வையுங்கோ" என்றாள்.

வின்டர்தூர் நகரில் ஞாயிறு பின்னேரங்களில் ஒரு சிறு கூட்டம் வட்டமாக இருந்து இந்த மெட்டுகளை வாசிக்கும். நடத்துபவர் வயலின் வாசிக்கும் ஒரு அம்மா, ஓய்வுபெற்ற பல்வைத்தியர். இது ஏழை மலைவாசிகளின் கட்டற்ற சங்கீதம் என்று அடிக்கடி சொல்வார். கட்டற்ற சங்கீதம் சரியாக இரண்டு மணிக்குத் தொடங்கும். சப்பாத்தை வாசலில் கழற்றி, கொண்டுவந்த வீட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டுதான் உள்ளே போகலாம்.

ஒவ்வொருவராக ஒரு மெட்டைத் தொடங்க, மற்றவர்கள் காதால் பிடித்துச் சேர்வார்கள். தாளில் எழுதி வைப்பதில்லை. ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப வாசிப்பார்கள். தெரியாதவனுக்கும் கடைசியில் பிடிபட்டுவிடும். எனக்கு ஒரு மெட்டு முழுதாகப் பாடமாகியிருந்தது. அதை ஒருதடவை நான் தொடங்க, வட்டம் பின்னால் வரவேண்டும். வேறு ஆசை இல்லை.

என் முறை வந்தபோது பல்வைத்தியர் கேட்டார்: "நீங்கள் ஒன்று தொடங்குகிறீர்களா?"

"இல்லை, பரவாயில்லை" என்றேன்.

எங்கள் வீடுகளில் தேத்தண்ணீருக்குக்கூட முதல்தரம் ஓம் சொல்வதில்லை. இரண்டாம் தரம் கேட்பார்கள். மூன்றாம் தரம் கோப்பையைக் கையிலேயே திணிப்பார்கள். அதற்குப் பிறகுதான், அவர்களுக்காகக் குடிப்பதுபோலக் குடிப்போம். பல்வைத்தியரோ தலையாட்டிவிட்டு அடுத்தவரிடம் போனார். குளிர்காலம் முழுவதும் இப்படியே போயிற்று.

மனைவியிடம் சொன்னேன். சிரித்தாள்.

"ரெண்டாந்தரம் கேக்கிறதுக்கு அந்த மனிசி என்ன உங்கட மாமியோ? கேட்ட உடன ஓமெண்டு சொல்லுங்கோவன்."

அடுத்த ஞாயிறு அந்த ஒரு சொல்லோடு தயாராக இருந்தேன். பல்வைத்தியர் என்னைத் தாண்டி அடுத்தவரைக் கேட்டார். இடைவேளையில் என்னருகே வந்து தாழ்ந்த குரலில் பேசினார்.

"உங்களைக் கேட்பது உங்களுக்குச் சங்கடம் என்று விளங்கிக்கொண்டோம். இனிக் கேட்கமாட்டோம். எல்லோரும் கைதூக்கி வாக்களித்தோம்."

ஒருமனதாக நிறைவேறியதாம்.

"இல்லை, கேட்கலாம்" என்றேன்.

இடைவேளை முடிந்து எல்லோரும் திரும்ப வந்து இருந்ததும் கேட்டார்: "நீங்கள் ஒன்று தொடங்குகிறீர்களா?"

"இல்லை, பரவாயில்லை" என்றது என் வாய்.

அவர் அடுத்தவர் பக்கம் திரும்புவதற்குள் விரலைக் கம்பியில் விழுத்தினேன். முதற்சுற்றில் யாரும் சேரவில்லை. மறுத்த ஒருவன் வாசிக்கும்போது சேர்ந்துகொள்வது முறையா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. இரண்டாம் சுற்றில் கிட்டார்க்காரர் மெல்ல வந்தார். பிறகு வயலின், பிறகு வட்டம் முழுவதும். எனக்கு நிறுத்த மனம் வரவில்லை. அவர்களும் நிறுத்தச் சொல்லவில்லை.

முடிந்ததும் பல்வைத்தியர் வயலினைத் தாழ்த்தினார். "அப்படியானால் நீங்கள் இல்லை என்று சொன்னால், நாங்கள் கொஞ்சம் காத்திருக்க வேண்டும்."

"ஓம்" என்றேன்.

மறுநாள் திங்கட்கிழமை. நான் வேலை செய்யும் முதியோர் இல்லச் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்தேன். மாலையில் மழை பெய்ததால், பல்கணியில் காயப்போட்ட உடுப்புகளை உள்ளே எடுத்தேன்.