தங்கராஜ் சார் கத்திய லாச்சா

இல்லை, அழவில்லை. தங்கராஜ் சார் இறந்துவிட்டார் என்று தொலைபேசி வந்தபோது, பத்மநாபபுரம் அரண்மனை வாசலில் ஸ்பானியப் பயணிகளைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டிருந்தேன். ஏற்றி முடித்துவிட்டுத்தான் திருப்பி அழைத்தேன். "வழிகாட்டிகள் சார்பா அஞ்சலிய நீயே எழுது" என்றார்கள். எழுதுகிறேன்.

கப்பல் வேலையில் ஸ்பெயினின் காதிஸ் துறைமுகத்தில் கற்ற ஸ்பானியம் அவருடையது. என்னுடையது பல்கலைக்கழகத்தில் கற்றது. அவரிடம் வழிகாட்டி வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொன்னார்: "ஏட்டி, பொஸ்தக ஸ்பானிஷ் பஸ்சுக்குள்ள எடுபடாது, கேட்டியா. காமெலார் தெரியுமா ஒனக்கு?"

தெரியாது. காமெலார் என்றால் காதலிப்பது, மயக்குவது. ஸ்பெயினின் ரோமா மக்கள், ஊரார் ஜிப்சி என்பவர்கள், தெருப்பேச்சுக்குக் கொடுத்த சொல். அதன் வேரும் காமத்தின் வேரும் ஒன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வட இந்தியாவிலிருந்து புறப்பட்டவர்கள் பாரசீகமும் கிரேக்கமும் தாண்டிக் கொண்டுபோனது. வெட்கத்துக்கு அவர்கள் சொல் லாச்சா. அது லஜ்ஜை. என் அம்மா மார்த்தாண்டத்துக்காரி. "லஜ்ஜ இல்லியாட்டி ஒனக்கு?" என்றே திட்டுவாள்.

சார் இவற்றை ஒலிபெருக்கியில் சொல்லும்போது பயணிகள் கைதட்டுவார்கள். நானும் தட்டியிருக்கிறேன்.

அந்த அரண்மனை வாசலில் ராசாத்தி பாசிமணி விற்றுவந்தார். நரிக்குறவர் பெண். ஒருநாள் ஒரு பயணியிடம் மாலையை நீட்டினார். சார் அவருடைய விரிப்பைக் காலால் தள்ளினார். மணிகள் சிதறின. "லாச்சா இல்லாத கூட்டம்" என்று ஸ்பானியத்தில் கத்திவிட்டுக் காவலரைக் கூப்பிட்டார். பேருந்தில் சிலர் சிரித்தார்கள்.

ராசாத்தி என்னைப் பார்த்தார். "அவரு என்ன சொன்னாரு பாப்பா?"

"வெயில்ல இருக்காதீங்கன்னு சொன்னாவ."

மறுநாள் முதல் அவர் வரவில்லை.

ராசாத்தியும் ரோமா மக்களும் ஒரே இனம் என்று நான் சொல்லவில்லை. ஊர் ஊராகத் துரத்தப்பட்டவர்களின் சொல்லை வைத்துக் கைதட்டல் வாங்கியவர், அதே சொல்லால் இன்னொருத்தியைத் துரத்தினார். திறமைசாலி. அதை மறுக்கவில்லை. மன்னிக்கவும் இல்லை. அவரையும், என்னையும்.

நேற்று அடக்கம். பெட்டிக்குள் வெள்ளைச் சட்டை, கழுத்தில் வழிகாட்டி அட்டை. கால்களைத் துணியால் கட்டியிருந்தார்கள். அந்தக் கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். போங்கள் சார்.

கல்லறைத் தோட்டத்திலிருந்து நேரே கன்னியாகுமரிக்குப் போனேன். கேள்விப்பட்டபடியே கடற்கரையில் ராசாத்தி மணி விற்றுக்கொண்டிருந்தார். அன்று பொய் சொன்னேன் என்றேன். லாச்சாவின் பொருளையும் சொன்னேன்.

"தெரியும் பாப்பா. வெயிலுக்குப் போய் யாராச்சும் காலால தள்ளுவாங்களா?"

வாசலுக்குத் திரும்பி வரச் சொன்னேன்.

"காவக்காரன் வந்தா?"

"நான் நிப்பேன்."

இன்று காலை அரண்மனை வாசலில் பயணிகளை இறக்கிவிட்டு, ராசாத்தியின் விரிப்பை ஒரு முனை பிடித்து விரித்துக்கொடுத்தேன். காவலர் வந்தார். நான் நின்றேன்.