"இது" என்று நாங்கள் கூப்பிட்டவள்

கங்காணியின் சுட்டுவிரலில் சுருட்டு வாடையும் புளித்த ரப்பர் பாலின் வாடையும் சேர்ந்து அடிக்கும். எனக்கு அது நன்றாகத் தெரியும், ஏனென்றால் சிரம்பான் பக்கத்துத் தோட்டத்தில் விடியற்காலை ஆள் சேர்த்து வேலை பிரிக்கிற "பெரட்டு"க்குப் பிள்ளைகள் நாங்கள் ஏழெட்டுப் பேர் வரிசையாகப் போய் நின்றதும், அந்த விரல் ஒவ்வொரு நெற்றியிலும் ஒரு குத்துக் குத்திவிட்டுத்தான் அடுத்த நெற்றிக்குப் போகும். "இது புல்லுக்கு, இது ஒட்டுப்பாலுக்கு, இது ஸ்டோருக்கு" என்று புல் பிடுங்கவும், மரத்தில் உறைந்த பாலைப் பொறுக்கவும், பால் சேர்க்கிற ஸ்டோரைக் கூட்டவும் பிரிப்பான். எங்களைப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்றுகூட அந்த மனுஷனுக்குத் தெரியாது. விரல் யார் நெற்றியில் இருக்கிறதோ அவள் "இது". விரல் நகர்ந்தால் அந்தச் சொல்லும் அவளை விட்டுவிட்டு அடுத்தவளிடம் போய்விடும். "அந்தாளு கண்ணுல படாம பின்னால நில்லுடி" என்று அம்மா தினமும் சொல்லி அனுப்புவாள். எல்லா அம்மாக்களும் அதையே சொல்லி அனுப்பினால் முன்னால் யார்தான் நிற்பது?

அம்மா இல்லாத ஒருத்தி நின்றாள். கப்பலில் வரும்போதே அவளுடைய தாய் போய்ச் சேர்ந்துவிட்டாளாம். பால் வெட்டுகிற அப்பனோடு வரிசையாக அறைகள் கொண்ட எங்கள் லயத்தின் கடைசி அறையில் இருந்தாள். எனக்கும் அவளுக்கும் ஒரே வயது, ஒன்பதோ பத்தோ. வந்த அன்றைக்குத் தன் பெயரைச் சொன்னாள், நாங்கள் சிரித்தோம். ஏன் சிரித்தோம் என்று கேட்காதீர்கள், எங்களுக்கு அதற்கெல்லாம் காரணம் வேண்டியிருக்கவில்லை.

வேலை முடிந்த மத்தியானங்களில் நாங்கள் "கங்காணி ஆட்டம்" ஆடுவோம். ஒருத்தி கங்காணி. அவள் யார் நெற்றியில் குத்தி "இது" என்கிறாளோ அவள்தான் பொழுது சாயும்வரை "இது". அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, எல்லாருடைய கூடையையும் அவள்தான் சுமக்க வேண்டும். தப்பிக்க ஒரே வழி, அவள் வேறொருத்தியைக் காட்டி "இது" என்று சொல்ல வேண்டும், மற்றவர்கள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டும். வேறு யார் காட்டினாலும் திரும்பிப் பார்த்தோம். அந்தக் கடைசி அறைக்காரி காட்டினால் மட்டும் ஒருவரும் பார்க்கமாட்டோம். அவள் என்னைக் காட்டுவாள், நாங்கள் ஆகாயத்தைப் பார்ப்போம். பக்கத்தில் இருப்பவளைக் காட்டுவாள், நீட்டிய விரலின் நகத்து அழுக்கைப் பார்த்துச் சிரிப்போம். "வெரலு இருந்தா மட்டும் போதுமா? நாங்க பாக்கணும்ல" என்று சொன்னவள் நான்தான். அந்தச் சட்டத்தைக் கண்டுபிடித்தவளும் நான்தான். ஒருநாள் ஆட்டம் மாதக்கணக்கில் நீண்டது. லயத்துப் பெரியவர்கள்கூட "அந்த இதுவ வரச்சொல்லு" என்றார்கள். கடைசியில், இருட்டில் யாரது என்று கேட்டால் அவளே "இதுதான்" என்று சொல்லப் பழகிவிட்டாள்.

மழை விட்டிருந்த ஒரு காலையில், ஸ்டோர் வாசலில் இறக்கி வைத்திருந்த பால் வாளிகளில் என் கால் தடுக்கியது. இரண்டு வாளிகள் கவிழ்ந்து பால் செம்மண்ணில் ஓடியது. பாலைக் கொட்டினால் என்ன நடக்கும் என்று எங்களுக்குத் தெரியும். போன மாதம்தான் ஒரு குடும்பத்தைச் சட்டி பானையோடு லயத்தைவிட்டு விரட்டியிருந்தார்கள். என் அம்மாவுக்கு அப்போது நிறைமாதம். கங்காணி பிரம்போடு ஓடிவந்தான்.

"எது செஞ்சிச்சு?"

நான் விரலை நீட்டி "இது" என்றேன். கதை எதுவும் கட்டவில்லை, அவள் பெயரைக்கூடச் சொல்லவில்லை. மற்ற பிள்ளைகளும் ஆட்டத்தில் சொல்கிற அதே ராகத்தில் "இது, இது" என்றார்கள். அவளும் விரலை நீட்டினாள், என்னைப் பார்த்துத்தான் நீட்டினாள். "இல்லீங்க கங்காணி ஐயா, இதுதாங்க கொட்டிச்சு."

அவள் சொன்னதும் நான் சொன்ன அதே சொல்தான், அவள் சொன்னதுதான் உண்மையும்கூட. ஆனால் அவள் விரல் போன பக்கம் ஒரு பிள்ளையும் திரும்பவில்லை. கங்காணி எங்கள் கண்களைப் பார்த்தான், எல்லாக் கண்களும் அவள்மேல் இருந்தன, அது அவனுக்குப் போதுமாயிருந்தது.

அவளை அடிக்கவில்லை. பெரட்டு நடக்கும் இடத்தில் அவள் அப்பனை நிறுத்தி, அவளைப் பார்க்கவைத்து அடித்தார்கள். காய்ச்சலில் ஒடுங்கிக் கிடந்த மனுஷன், மூன்றாவது அடிக்கே உட்கார்ந்துவிட்டார். வெயில் ஏறுவதற்குள் ஒரு பாயையும் ஒரு பானையையும் தூக்கிக்கொண்டு இரண்டுபேரும் சிரம்பான் பாதையில் நடந்தார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. இதைச் சொல்ல இன்றைக்கு நாக்கூசுகிறது, ஆனால் நிம்மதியாகத்தான் இருந்தது. பாதை வளைகிற இடத்தில் அவள் நின்று, எங்களை நோக்கி மறுபடியும் விரலை நீட்டினாள். நாங்கள் பழக்கதோஷத்தில் ஆகாயத்தைப் பார்த்தோம்.

மறுநாள் பெரட்டில் முன்னால் நிற்க ஆளில்லை, என்னைத் தள்ளிவிட்டார்கள். விரல் என் நெற்றியில் வந்து குத்தியது.

இப்போது நான் சிரம்பானை ஒட்டிய ராசாவில் மகள் வீட்டில் இருக்கிறேன். போன வாரம் அவள் காரில் அந்தப் பக்கம் கூட்டிப்போனாள். பால்மரம் ஒன்றுகூட இல்லை, லயமும் ஸ்டோரும் இல்லை. வரிசை வரிசையாக வீடுகள், பெரட்டு நடந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், முதல்முறையாக. அவள் "அந்தப் பிள்ள பேரு என்னம்மா?" என்று கேட்டாள். அந்தப் பிள்ளை ஒரே ஒருமுறை சொன்ன பெயர், நாங்கள் சிரித்த பெயர். வாயைத் திறந்துகொண்டு தேடினேன், வரவில்லை.

"இது" என்றேன்.

"எதும்மா?" என்று கேட்டு, நான் எதையோ காட்டுகிறேன் என்று நினைத்து, மகள் அந்தக் கார்களின் பக்கம் திரும்பித் தேடினாள்.